சென்னைக் கடற்கரையில் என்டி, கிராஜுவேட்டட் ஃபில்டர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெசன்ட் நகரிலோ கோவளத்திலோ விடியற்காலையில் ட்ரைபாடை ஊன்றி நின்றால், புதிதாகக் கேமரா வாங்கிய யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து நிற்பார். லென்ஸுக்கு முன்னால் செருகியிருக்கும் கறுப்புக் கண்ணாடியைப் பற்றித்தான் முதல் கேள்வி வரும். அப்படி மணலில் நின்றபடியே பல வருடங்களாகச் சொல்லிவந்த பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன். வங்கக் கடலைப் பார்த்து நிற்பவர்களுக்கென்றே எழுதியது. குளிர்நாட்டு மலைகளையும் ஏரிகளையும் வைத்துச் சொல்லப்படும் யோசனைகளில் பல, நம் கடற்கரைக்கு அப்படியே ஒத்துவருவதில்லை.

என்டி ஃபில்டர் என்ன செய்கிறது?

லென்ஸுக்குள் போகும் வெளிச்சத்தை, நிறத்தை மாற்றாமல் குறைக்கிறது. என்டி என்பது நியூட்ரல் டென்சிட்டி என்பதன் சுருக்கம். வெளிச்சம் குறைந்தால் ஷட்டரை அதிக நேரம் திறந்துவைக்கலாம். அந்த நேரத்துக்குள் அசைந்தவை எல்லாம் படத்தில் இழுபட்டுப் பதியும்: அலை, மேகம், கரையில் நடப்பவர்கள். அசையாத பாறையும் படகும் கூர்மையாகவே இருக்கும்.

கிராஜுவேட்டட் ஃபில்டர்?

மேல்பாதி கறுப்பு, கீழ்ப்பாதி தெளிந்த கண்ணாடி, நடுவில் ஒன்று மற்றொன்றாக மாறும் பட்டை. வானம் கடலையும் மணலையும்விடப் பல மடங்கு வெளிச்சமாக இருக்கும்போது, வானத்தை மட்டும் அடக்கிவைக்க உதவும். பேச்சில் இதை ‘கிராட்’ என்பார்கள். நானும் இனி அப்படியே எழுதுகிறேன்.

ஒரே ஃபில்டரில் 0.9 என்கிறார்கள், 8 என்கிறார்கள், 3 ஸ்டாப் என்கிறார்கள். எது சரி?

மூன்றும் ஒன்றுதான். ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகிறது. 3 ஸ்டாப் என்றால் மூன்று முறை பாதி, அதாவது எட்டில் ஒரு பங்கு. அதனால் என்டி 8. அடர்த்தி அளவில் ஒவ்வொரு ஸ்டாப்பும் 0.3, மூன்றுக்கு 0.9. இந்தக் கணக்கில் 6 ஸ்டாப் என்பது என்டி 64, அடர்த்தி 1.8. 10 ஸ்டாப் என்பது என்டி 1000, அடர்த்தி 3.0. கறாராகக் கணக்கிட்டால் 1024. வசதிக்காக 1000 என்று அச்சிடுகிறார்கள். கடையில் எந்த எண்ணைச் சொன்னாலும் மனதுக்குள் ஸ்டாப்பாக மாற்றிக்கொள்ளுங்கள். களத்தில் பயன்படுவது அது ஒன்றுதான்.

இன்றைய கேமராவும் மென்பொருளும் இருக்கும்போது ஃபில்டர் எதற்கு?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. கொஞ்சம் நீட்டியே பதில் சொல்ல வேண்டும்.

கிராட் ஃபில்டர் கட்டாயமாக இருந்தது ஃபிலிம் காலத்தில். ஸ்லைடு ஃபிலிம், இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் இடையே ஏறக்குறைய 5 ஸ்டாப் வேறுபாட்டைத்தான் விவரத்தோடு பதியும். அதற்கு மேல் போனால் வானம் வெளுத்துவிடும், அல்லது முன்புறம் கருகிவிடும். மலைப் படங்களுக்குப் பெயர்பெற்ற அமெரிக்கர் கேலன் ரோவல், சிங்-ரே நிறுவனத்தோடு சேர்ந்து தன் பெயரிலேயே கிராட் ஃபில்டர்களைக் கொண்டுவந்தது அந்தத் தேவையால்தான். இன்றைய நல்ல சென்சார்கள், குறைந்த ஐஎஸ்ஓவில் (சென்சாரின் உணர்திறன் அளவு) 13, 14 ஸ்டாப் வரை பதிகின்றன. ரா கோப்பாக (கேமரா திருத்தாத மூலப்பதிவு) எடுத்து, வானம் வெளுக்காதபடி எக்ஸ்போஷரை (பதியும் வெளிச்சத்தின் அளவு) சற்றுக் குறைத்து வைத்தால், இருண்ட மணலைக் கணினியில் மேலே கொண்டுவர முடியும். போதவில்லை என்றால் இரண்டு மூன்று எக்ஸ்போஷர்களை எடுத்து இணைக்கலாம். ஆக, கிராட் செய்யும் வேலையில் பெரும்பகுதியை வீட்டுக்கு வந்த பிறகும் செய்துகொள்ளலாம்.

என்டி செய்யும் வேலை அப்படியல்ல. அது படத்துக்குள் நேரத்தைக் கொண்டுவருகிறது. அரை விநாடியில் ஓர் அலை பாறையைச் சுற்றி வழிந்து இறங்கிய தடம், 1/250 விநாடியில் எடுத்த படத்துக்குள் எங்கும் இல்லை. இல்லாததை எந்த மென்பொருள் வெளியே எடுக்கும்? பல படங்களை அடுக்கிச் சராசரி எடுக்கும் முறை உண்டு. அசையாத முன்புறமும் மெதுவாக நகரும் மேகமும் என்றால் அது நன்றாகவே வரும். நுரை கோடு கோடாக வழியும் கரையில், படத்துக்குப் படம் உள்ள இடைவெளியில் கோடு அறுந்து திட்டுத்திட்டாகத் தெரியும்.

அதனால் என் கருத்து இது: வெளிச்சத்தைப் பிறகு சரிசெய்யலாம், கடந்துபோன நேரத்தைப் பிறகு சேர்க்க முடியாது. பணம் ஒரு ஃபில்டருக்குத்தான் இருக்கிறது என்றால் என்டி வாங்குங்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டு நான் ஏன் இன்னும் கிராட் வைத்திருக்கிறேன்? அலைதான் காரணம். வானத்துக்கு ஒன்று, கடலுக்கு ஒன்று என இரண்டு எக்ஸ்போஷர் எடுத்தால், இரண்டிலும் அலை வேறு வேறு இடத்தில் இருக்கும். தொடுவானம் நேர்கோடாக இருந்தால் தப்பிக்கலாம். அலை உயர்ந்து தொடுவானத்தை வெட்டும்போதும், ஈரமணலில் வானத்தின் பிரதிபலிப்பு நகர்ந்துகொண்டே இருக்கும்போதும் இணைப்பது பெரும்பாடு. ஒரே கிளிக்கில் முடிந்துபோன கோப்பு வேறு. மேசையில் ஒட்டுப்போட்ட கோப்பு வேறு.

முதலில் எத்தனை ஸ்டாப் என்டி வாங்கலாம்?

6 ஸ்டாப். பலரும் 10 ஸ்டாப்பை வாங்கிவிட்டுப் பையிலேயே வைத்திருக்கிறார்கள். நம் கரையில் அதிகம் கைகொடுப்பது 6 ஸ்டாப்தான். கணக்கைப் பாருங்கள். சூரியன் வெளிப்பட்டுச் சற்று நேரத்தில், ஐஎஸ்ஓ 100, அபெர்ச்சர் (லென்ஸ் திறப்பின் அளவு) எஃப் 11 வைத்து, ஃபில்டர் இல்லாமல் 1/60 விநாடி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 6 ஸ்டாப் போட்டால் ஏறக்குறைய 1 விநாடி. அலைக்கு அற்புதமான அளவு. 10 ஸ்டாப் போட்டால் 17 விநாடி. அலை மூடுபனி போல ஆகிவிடும். அதுவே வேண்டும் என்பவர்கள் பத்தை வாங்கலாம்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சூரியன் வருவதற்கு முன், கீழ்வானம் வெளுக்கத் தொடங்கும் அந்த நேரத்தில், எஃப் 11-இல் ஃபில்டர் இல்லாமலேயே அரை விநாடி, ஒரு விநாடி வரும். அப்போது எதையும் மாட்டாதீர்கள். உச்சி வெயிலிலோ நேர்மாறு: ஃபில்டர் இல்லாமல் 1/200 வரும் இடத்தில் 10 ஸ்டாப் போட்டாலும் 5 விநாடிதான் கிடைக்கும். பகலில் மேகத்தை இழுக்க வேண்டுமானால் ஆறையும் பத்தையும் சேர்த்து மாட்ட வேண்டியிருக்கும்.

சென்னையில் சூரிய உதயத்துக்கு எந்த கிராட்?

நமக்குச் சூரியன் கடலிலிருந்து எழுகிறது. அதாவது, வானத்தில் மிகவும் வெளிச்சமான இடம் தொடுவானத்தை ஒட்டியே இருக்கிறது; மேலே போகப்போக வானம் இருண்டுகொண்டு போகிறது. சாதாரண கிராட் இதற்கு நேரெதிர். அது மேல்முனையில் அடர்த்தியாகவும், நடுவே வரவர வெளிறியும் இருக்கும். எங்கே வெளிச்சம் குறைய வேண்டுமோ அங்கே குறையாமல், ஏற்கெனவே இருண்ட மேல்வானம் கறுத்துப்போகும்.

இதற்காகவே இருப்பது ரிவர்ஸ் கிராட். நடுக்கோட்டில் மிக அடர்த்தியாகத் தொடங்கி மேலே போகப்போக வெளிறும். கனடாவைச் சேர்ந்த புகைப்படக் கலைஞர் டேரில் பென்சன் பெயரில் சிங்-ரே இதை விற்றது. இப்போது பல நிறுவனங்கள் செய்கின்றன. கிழக்குக் கடற்கரைக்காரர்களுக்கு கிராட் ஒன்றே ஒன்று என்றால், 3 ஸ்டாப் ரிவர்ஸ் என்றுதான் சொல்வேன்.

ஆனால் அதைப் பயன்படுத்தக் கிடைக்கும் நேரம் சிறியது. சென்னை 13 பாகை அட்சரேகையில் இருப்பதால் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக ஏறுகிறது. பத்து நிமிடத்தில் இரண்டரைப் பாகை, அதாவது தன் விட்டத்தைப் போல ஐந்து மடங்கு உயரம் போய்விடும். லண்டனில் ஜூன் மாதம் விடியல் வெளிச்சம் முக்கால் மணி நேரம் நீள்கிறது. இங்கே 22, 23 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. ‘கோல்டன் ஹவர்’ என்று வெளிநாட்டு வீடியோக்களில் ஒரு மணி நேரமாகச் சொல்வதை நம்பி, உதயம் ஆகும்போது கரைக்கு வந்து சேராதீர்கள். அரை மணி முன்பே ட்ரைபாட் ஊன்றி, ஃபில்டர் ஹோல்டர் மாட்டி, ஃபோகஸ் முடித்திருக்க வேண்டும்.

மே கடைசியில் உதயம் 5.40 வாக்கில், ஜனவரி கடைசியில் 6.35 வாக்கில். சூரியன் எழும் இடமும் நகரும்: ஜூனில் நேர்கிழக்கிலிருந்து 24 பாகை வடக்கே, டிசம்பரில் அதே அளவு தெற்கே. எலியட்ஸ் கடற்கரையில் கார்ல் ஷ்மிட் நினைவுச் சின்னத்தின் வளைவுக்குள் சூரியனை வைக்க நினைப்பவர்கள், மாதத்துக்கு மாதம் நிற்கும் இடத்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஹார்டா, சாஃப்டா?

நடுவிலுள்ள மாற்றப் பட்டை சட்டென்று முடிந்தால் ஹார்ட் கிராட், மெல்ல மெல்லக் கரைந்தால் சாஃப்ட். வெறும் கடல் என்றால் ஹார்ட். தொடுவானம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல இருப்பதால் மாற்றப் பட்டை அதிலேயே மறைந்துவிடும். ஆனால் சென்னையில் வெறும் கடல் எத்தனை சட்டகங்களில் கிடைக்கிறது? மெரினாவில் கலங்கரை விளக்கம், நேப்பியர் பாலத்தின் வெள்ளை வளைவுகள், கரையேற்றிய படகுகளின் மூக்கு, மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலின் விமானங்கள் எல்லாமே தொடுவானத்துக்கு மேலே நீட்டி நிற்பவை. ஹார்ட் வைத்தால் அவற்றின் மேல்பகுதி மட்டும் கறுத்துத் தனியே தெரியும். பாலத்தின் வளைவு பாதி வெள்ளையாகவும் பாதி சாம்பலாகவும் வந்தால் படம் போயிற்று. அங்கெல்லாம் சாஃப்ட் வையுங்கள், இல்லாவிட்டால் கிராடே வேண்டாம்.

கிராடின் மாற்றக் கோட்டை எங்கே நிறுத்துவது?

லைவ் வியூவில் (கேமராவின் பின்திரையில்) பார்த்தபடி ஃபில்டரைக் கையால் மெதுவாக மேலும் கீழும் அசைத்தால் கோடு நகர்வது கண்ணுக்குத் தெரியும். அசைக்காமல் பார்த்தால் தெரியாது. எடுக்கப்போகும் அபெர்ச்சரிலேயே பார்க்க வேண்டும், ஏனென்றால் எஃப் 4-இல் மங்கலாக இருக்கும் பட்டை எஃப் 16-இல் கூர்மையாகிவிடும். வைட் லென்ஸிலும் கோடு கூர்மையாகத் தெரியும்; நீண்ட லென்ஸில் ஹார்டும் சாஃப்ட் போலப் பரவிவிடும். சந்தேகம் வந்தால் கோட்டைத் தொடுவானத்துக்கு ஒரு மயிரிழை கீழே இறக்குங்கள். கடலின் மேல்விளிம்பு சற்று இருண்டால் கண் பொறுத்துக்கொள்ளும். தொடுவானத்துக்கு மேலே வெளுத்த பட்டை ஒன்று நின்றால் முதலில் அதுதான் கண்ணில் படும்.

வானத்துக்கும் கரைக்கும் எத்தனை ஸ்டாப் வித்தியாசம் என்று எப்படி அறிவது?

கேமராவை மணல் பக்கம் மட்டும் காட்டி அளவெடுங்கள், பிறகு வானத்தை மட்டும், சூரியன் நேரே விழாதபடி. மணலுக்கு 1/8, வானத்துக்கு 1/125 வந்தால் வித்தியாசம் 4 ஸ்டாப். நான்கையும் அடக்காதீர்கள், 2 அல்லது 3 போதும். வானம் நிலத்தைவிட வெளிச்சமாக இருப்பதுதான் இயற்கை. இரண்டும் ஒரே அளவாகிவிட்டால் பார்ப்பவருக்கு ஏனென்று தெரியாமலே படம் பொய்யாகப் படும்.

தண்ணீரில் பிரதிபலிப்பு இருக்கும் இடத்தில் இது இன்னும் முக்கியம். முட்டுக்காடு உப்பங்கழியில் மாலை நேரம், பழவேற்காடு ஏரியில் காற்று ஓய்ந்த காலை, இங்கெல்லாம் நீரில் தெரியும் வானம் மேலே இருக்கும் வானத்தைவிட ஒன்றிரண்டு ஸ்டாப் இருட்டாகவே இருக்கும். அதற்கு மேல் 3 ஸ்டாப் கிராட் போட்டால் பிம்பம் மூலத்தைவிடப் பளிச்சென்று வரும். அப்படி ஒரு காட்சி உலகத்தில் கிடையாது. ஏரிக்கு 1 அல்லது 2 ஸ்டாப் சாஃப்ட், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

10 ஸ்டாப் போட்டதும் கேமராவில் ஒன்றுமே தெரியவில்லையே?

தெரியாதுதான். வரிசை மாறாமல் செய்தால் சிக்கல் இல்லை. முதலில் ஃபில்டர் இல்லாமல் சட்டகம் அமைத்து, ஃபோகஸ் செய்து, உடனே ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிடுங்கள். ஒரு சோதனைப் படம் எடுத்து ஹிஸ்டோகிராம் (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) பாருங்கள். சரியான ஷட்டர் வேகத்தைக் குறித்துக்கொண்டு அதை ஆயிரத்தால் பெருக்குங்கள். 1/8 என்றால் ஏறக்குறைய இரண்டு நிமிடம். 30 விநாடிக்கு மேல் போனால் பல்ப் முறையும் (பொத்தானை அழுத்தியிருக்கும் வரை ஷட்டர் திறந்தே இருப்பது) ரிமோட்டும் வேண்டும். பிறகுதான் ஃபில்டரை மாட்ட வேண்டும், லென்ஸின் ஃபோகஸ் வளையம் அசையாமல்.

இந்த வரிசையைத் தவறவிட்டு ஒரு காலைப் பொழுதையே இழந்திருக்கிறேன். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த மறுநாள், கோவளத்தில் மேகம் வரிவரியாகக் கிழக்கே ஓடிக்கொண்டிருந்தது. அவசரத்தில் ஆட்டோ ஃபோகஸை அணைக்கவில்லை. கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் லென்ஸ் தடுமாறி எங்கோ நின்றுவிட்டது. இரண்டு நிமிடப் படங்கள் ஒன்பது. சின்னத் திரையில் எல்லாம் அழகாகத்தான் தெரிந்தன. வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தபோது ஒன்றில்கூடப் பாறை கூர்மையாக இல்லை. அந்த மேகம் அதற்குப் பிறகு எனக்குக் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து ஃபில்டரை எடுப்பதற்கு முன் ஃபோகஸ் பொத்தானைத் தொட்டுப் பார்க்காமல் கை நகர்வதில்லை.

சில்லறை விஷயங்கள் இரண்டு. டிஎஸ்எல்ஆர் என்றால் கண்வைக்கும் துளையை மூடுங்கள். பின்னாலிருந்து வரும் வெளிச்சம் படத்தில் கறையாக விழும். ட்ரைபாடில் இருக்கும்போது அதிர்வு தடுப்பை அணைத்துவிடுங்கள்.

நீண்ட எக்ஸ்போஷரில் வண்ணப் புள்ளிகள் வருகின்றன. ஃபில்டர் கோளாறா?

இல்லை, சென்சாரின் சூடு. நம் ஊரில் அதிகாலையிலேயே 28 டிகிரி இருக்கும் மாதங்கள் உண்டு. சூடு கூடினால் புள்ளியும் கூடும். கேமராவில் நீண்ட எக்ஸ்போஷருக்கான இரைச்சல் நீக்கத்தை இயக்கலாம். ஆனால் இரண்டு நிமிடப் படத்துக்குப் பின் இன்னும் இரண்டு நிமிடம் கேமரா தன் வேலையைப் பார்க்கும், உங்களால் எடுக்க முடியாது. உதயம் அதற்குள் முடிந்துவிடும். நான் அதை அணைத்துவிட்டு, கடைசியில் லென்ஸை மூடி அதே நேர அளவில் ஒரு கறுப்புப் படம் எடுத்துக்கொண்டு வீட்டில் கழித்துக்கொள்கிறேன்.

அலைக்கு எத்தனை விநாடி?

ஒரே எண் கிடையாது. அலை என்ன செய்கிறது என்பதைப் பொறுத்தது. அலை மோதிச் சிதறுவதைக் காட்ட 1/4 விநாடி. கரையேறிய நீர் பின்வாங்கும்போது மணலில் நுரைக்கோடுகள் விசிறிபோல இழுபடும். நம் கரையின் மிக அழகான காட்சி அது. அதற்கு அரை விநாடியிலிருந்து ஒன்றரை விநாடி. பொத்தானை அழுத்தும் கணம்தான் எல்லாம். அலை ஏறும்போது அழுத்தினால் வெறும் வெள்ளைத் திட்டு. ஏறி நின்று, ஒரு கணம் தயங்கி, திரும்பத் தொடங்கும்போது அழுத்த வேண்டும். பத்துப் பன்னிரண்டு அலைகளைப் படம் எடுக்காமல் சும்மா பார்த்திருந்தால் அந்தத் தயக்கம் பிடிபடும். கரையில் வலை இழுக்கும் மீனவர்களைக் கவனியுங்கள். எந்த அலைக்குக் காலை ஊன்ற வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்று அவர்கள் உடம்புக்கே தெரியும்.

5 விநாடி தாண்டினால் கோடுகள் கரைந்து பால்போல ஆகும். 30 விநாடிக்கு மேல் கடல் தட்டையாகிவிடும். அடையாற்று முகத்துவாரத்து உடைந்த பாலம் போல, தூண்கள் தனித்து நிற்கும் இடங்களுக்கு அந்தத் தட்டையான நீர் பொருந்தும். எல்லாப் படத்திலும் கடலைப் பாலாக்கினால் அது வங்கக் கடலா வேறெங்கோ உள்ள குளமா என்று தெரியாமல் போய்விடும் என்பது என் வருத்தம். நம் கடல் அமைதியான கடல் அல்ல. அந்த உரம் படத்தில் கொஞ்சமாவது மிஞ்ச வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மெரினாவில் கூட்டத்தை மறைக்க முடியுமா?

நடப்பவர்களை மறைக்கலாம், இரண்டு மூன்று நிமிட எக்ஸ்போஷரில். உட்கார்ந்து சுண்டல் சாப்பிடுகிறவர்கள் அப்படியே பதிவார்கள். எனக்கு அந்தக் கூட்டம் பாதி மங்கலாக, நிழல்போலத் தெரிவதுதான் பிடிக்கும். அதற்கு 1 முதல் 4 விநாடி போதும்.

மாலையில் மெரினாவில் கிராட் வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். சூரியன் முதுகுப்பக்கம், நகரத்துக்குப் பின்னால் இறங்குகிறது. கடலும் வானமும் ஏறக்குறைய ஒரே அளவு வெளிச்சத்தில் இருக்கும். மறைந்த சில நிமிடங்களில் கிழக்கே கடலுக்கு மேல் நீலமும் அதற்கு மேல் இளஞ்சிவப்புமாக ஒரு பட்டை எழும். கீழே இருக்கும் நீலம் பூமியின் நிழல். பலரும் திரும்பிப் பார்க்காமலே வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். பௌர்ணமி அன்று அதே நேரத்தில் நிலா கடலிலிருந்து எழும். நிலாவைச் சேர்த்து எடுக்கும்போது என்டியைக் கழற்றிவிடுங்கள். இரண்டே நிமிடத்தில் நிலா தன் விட்டத்தின் அளவு நகர்ந்துவிடுவதால் நீண்ட எக்ஸ்போஷரில் முட்டைபோல ஆகிவிடும்.

என்டி போட்டால் படம் செம்மை பாய்கிறதே?

இரண்டு காரணங்கள். மலிவான ரெசின் (பிளாஸ்டிக்) ஃபில்டரில் சாயமே சமநிலையில் இருக்காது. அடர்த்தியான ஃபில்டரில் இன்னொன்று: கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை ஆயிரத்தில் ஒன்றாகக் குறைத்துவிட்டு அகச்சிவப்பை மட்டும் தாராளமாக உள்ளே விடும். சென்சார் அதையும் பதிந்துகொள்ளும். படம் முழுக்க ஒரே சாயல் என்றால் வெள்ளைச் சமநிலையில் சரியாகிவிடும். ஓரத்தில் ஒன்று நடுவில் ஒன்று என்றால் சரிசெய்வது கடினம். அகச்சிவப்பைத் தடுக்கும் பூச்சு உள்ள கண்ணாடி ஃபில்டருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீணாகாது. வாங்கும் முன் ஒரு வெள்ளைத் தாளை ஃபில்டரோடும் இல்லாமலும் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடர்த்தியை மாற்றக்கூடிய வேரியபிள் என்டி ஒன்று வாங்கினால் எல்லாவற்றுக்கும் போதாதா?

வீடியோ எடுப்பவர்களுக்கு அது வரம். நிலக்காட்சிக்கு நான் பரிந்துரைப்பதில்லை. உள்ளே இரண்டு போலரைசர்கள் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் கண்ணாடிகள்) ஒன்றன்மேல் ஒன்று சுழல்கின்றன. வைட் லென்ஸில் அடர்த்தியைக் கூட்டினால் படத்தின் குறுக்கே பெருக்கல் குறி போல ஒரு கறுப்பு நிழல் விழும்.

போலரைசரையே என்டியாகப் பயன்படுத்தலாமா?

ஒன்றரை, இரண்டு ஸ்டாப் வெளிச்சம் குறையும். மேகமூட்டமான காலையில் அலைக்கு அதுவே போதலாம். ஈரமணலின் பளபளப்பையும் அது நீக்கிவிடும் என்பதை மறக்காதீர்கள். நமக்கு வேண்டியதே அந்தப் பளபளப்புதான்.

திருகும் வட்ட ஃபில்டரா, செருகும் சதுரமா?

என்டிக்கு வட்டம் போதும். உங்களிடம் உள்ள லென்ஸ்களில் பெரிய விட்டத்துக்கு, 77 அல்லது 82 மி.மீ.க்கு, ஒன்று வாங்கி, மற்றவற்றுக்கு ஸ்டெப்-அப் வளையம் போட்டுக்கொள்ளலாம். கிராட் மட்டும் சதுர ஹோல்டரில்தான் வேண்டும். வட்ட கிராடில் கோடு எப்போதும் நடுவிலேயே நிற்கும். தொடுவானத்தை நடுவில் வைத்தே ஆயுள் முழுக்கப் படம் எடுக்க முடியாது. வைட் லென்ஸுக்கு 100 மி.மீ. அகலமுள்ள ஹோல்டர் பொருந்தும். காற்று பலமாக அடிக்கும் நாளில் சதுரக் கண்ணாடி பாய்மரம்போல் காற்றை வாங்கிக் கேமராவை ஆட்டும். மழைக்காலத்து வாடைக்காற்றில் நான் ஹோல்டரைக் கழற்றிவைத்துவிட்டு வட்ட என்டியோடு மட்டும் நிற்கிறேன்.

செல்பேசிக்கு?

கிளிப் போட்டு மாட்டும் என்டி கிடைக்கிறது. பல செல்பேசிகள் படங்களை அடுக்கியே நீண்ட எக்ஸ்போஷர் தோற்றத்தைத் தருகின்றன. பழகிப் பார்க்க அதுவே போதும். சிறிய ட்ரைபாட் ஒன்று மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

சூரிய கிரகணத்துக்கு 10 ஸ்டாப் போதுமா?

போதாது, தயவுசெய்து முயலாதீர்கள். 2019 டிசம்பர் 26 கிரகணத்தன்று என்டி 1000 வழியாகச் சூரியனைப் பார்க்கத் தயாரான ஒருவரைத் தடுக்க வேண்டியிருந்தது. சூரியனுக்கென்றே செய்யப்படும் ஃபில்டர் ஏறக்குறைய ஒரு லட்சத்தில் ஒரு பங்கு வெளிச்சத்தைத்தான் விடும்; கண்ணுக்குத் தெரியாத கதிர்களையும் தடுக்கும். சாதாரண என்டி அப்படியல்ல. கறுப்பாகத் தெரிகிறது என்பதால் பாதுகாப்பு ஆகிவிடாது. ஆப்டிகல் வியூஃபைண்டர் வழியாகப் பார்த்தால் கண்பார்வை நிரந்தரமாகப் போகலாம்.

கரையில் ட்ரைபாட் நிற்கமாட்டேன் என்கிறதே?

ஒவ்வோர் அலை பின்வாங்கும்போதும் கால்களுக்கு அடியில் மணல் அரிபடும். ட்ரைபாடை ஊன்றியதும் கையால் நன்றாக அழுத்திப் புதையுங்கள். இரண்டு அலை வந்துபோய் அது உட்கார்ந்த பிறகு படம் எடுங்கள். நடுத்தண்டை உயர்த்த வேண்டாம். முழங்காலுக்கு மேல் தண்ணீர் வரும் இடத்தில் நிற்கவே வேண்டாம். சென்னைக் கடல் இழுக்கும். கண் திரையில் இருக்கும் நேரத்தில் பெரிய அலை ஒன்று வந்தால் கேமரா போனாலும் போகட்டும், நீங்கள் பின்வாங்குங்கள். முடிந்தால் துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள். கடலைப் பார்ப்பது அவர் வேலை.

எந்த மாதம் நல்லது?

அக்டோபரிலிருந்து ஜனவரி வரை. பருவமழை மேகம் இருக்கும், மழை விட்ட இடைவெளியில் காற்று கழுவிவிட்டதுபோல் தெளிந்திருக்கும். புயல் எச்சரிக்கை உள்ள நாளில் கடற்கரைப் பக்கமே போகாதீர்கள். ஏப்ரல், மே மாதங்களில் கீழ்வானம் பெரும்பாலும் புகைபோல மங்கி, சூரியன் சிவந்த வட்டமாக மெல்ல வெளிவரும். கிராட் இல்லாமலேயே எடுக்கக்கூடிய வானம் அது, அதற்கும் ஓர் அழகு உண்டு.

ட்ரைபாட் வைத்தால் யாராவது தடுப்பார்களா?

துறைமுகம், கோட்டைப் பக்கம் காவலர்கள் வந்து கேட்பார்கள். மரியாதையாகப் படத்தைக் காட்டிச் சொல்லுங்கள், கூடாது என்றால் மடித்துவிடுங்கள். மாமல்லபுரத்தில் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள வளாகத்துக்குள் ட்ரைபாடுக்கு முன் அனுமதி தேவை. காசிமேட்டில் ஏலம் நடக்கும் நேரத்தில் வழியை அடைத்துக்கொண்டு நிற்காதீர்கள். அது அவர்கள் பிழைப்பு நடக்கும் இடம். முகங்களை எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏசி அறையிலிருந்து வந்ததும் ஃபில்டர் பனித்துவிடுகிறது.

இரவே பையை ஏசி இல்லாத இடத்தில் வைத்துவிடுங்கள். குளிர்ந்த கண்ணாடியில் நம் ஊர்க் காற்றின் ஈரம் உடனே படியும். துடைத்தாலும் மீண்டும் படியும். காரில் போகும்போதும் ஏசியை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்துகொள்வது நல்லது.

உப்புத்துளி படிந்த ஃபில்டரை எப்படித் துடைப்பது?

காய்ந்த துணியால் தேய்க்கவே கூடாது. உப்பும் மணலும் சேர்ந்தால் உப்புத்தாள் போலத்தான். ரெசின் ஃபில்டரில் ஒரே தடவையில் கீறல் விழும். கரையிலேயே என்றால் முதலில் ஊதுகுழாயால் மணலை ஊதி, குடிதண்ணீரைச் சிறிது ஊற்றி உப்பைக் கரையவிட்டு, பிறகு மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். வீட்டுக்கு வந்ததும் குழாய்த் தண்ணீரில் காட்டி, ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு விரல்நுனியால் மெதுவாகத் தடவி அலசுங்கள். உங்கள் வீட்டில் போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் கடைசி அலசலுக்குக் கேன் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் காய்ந்ததும் வெள்ளைப் பொட்டுகள் நிற்கும். ஹோல்டரின் திருகுகளையும் ட்ரைபாட் கால்களின் பூட்டுகளையும் அதே நாளில் கழுவிக் காயவையுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரை விட்டால் திருக வராது.